மாரீஸ்வரியின் விசைப்பலகை

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்தில் ஒருவருக்குப் பணிநிறைவு விழா. ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து கை கழுவிவிட்டு வந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கைபேசியைப் பார்த்துப் பேசினால் போதும், அது தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறது. அவர்களில் ஒருத்தி கேட்டாள்: "மேடம், நீங்க டைப்பிஸ்டாத்தான வேலைக்கு வந்தீங்க? அந்த வயசுல லினக்ஸ் எப்படிக் கத்துக்கிட்டீங்க? யாரு சொல்லிக் குடுத்தா?"

நின்றுகொண்டே பதில் சொல்லிவிட முடியவில்லை. பேருந்தில் வரும்போது முழுக்க அதே நினைப்பு. வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் ஊர் ஆமத்தூர். அப்பா கம்பும் பருத்தியும் போட்ட சம்சாரி. பள்ளிப் படிப்பு முடிந்ததும் விருதுநகரில் தட்டச்சுப் பள்ளியில் சேர்த்துவிட்டார். தமிழில் லோயர், ஹையர், அப்புறம் ஆங்கிலத்திலும் அதே. தேர்வாணையத் தேர்வு எழுதி விருதுநகரிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சர் ஆனேன். அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் என் உலகம் அந்த இரும்பு இயந்திரம்தான். முதல் பாடம் 'யளனக'. இடது கையின் நான்கு விரலுக்கு நான்கு எழுத்து. பக்கத்து மேசைக்காரரிடம் பேசிக்கொண்டே அடிப்பேன். நான் யோசிக்காமலே என் விரல்களுக்குத் தமிழ் தெரியும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில் அந்த இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். அட்டைப்பெட்டிகளில் கணினி வந்தது. திரையில் ஒரு பென்குவின் பறவை. "இதுதான் லினக்ஸ். இனிமே அரசு ஆபீசுல இதுதான்" என்றார் மாட்ட வந்தவர். கணினியை இயக்குகிற அடிப்படை மென்பொருள் அது, யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்கலாம் என்றார். யாருக்கும் சொந்தமில்லாத சாமானை நம்பி அரசாங்கம் எப்படி நடக்கும் என்று எங்களுக்குச் சந்தேகம்.

மதுரையில் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியாளர் வேகமாகப் பேசினார். பாதி புரியவில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. "இதுல எல்லாமே எழுத்துதான். எந்தக் கோப்பையும் திறந்து படிக்கலாம். பிடிக்கலைன்னா மாத்தலாம்." மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்கு என்னவோ உடம்பு சிலிர்த்தது. இருபது வருஷம் அடித்த தட்டச்சு இயந்திரத்தில் ஓர் எழுத்தைக்கூட இடம் மாற்ற என்னால் முடிந்ததில்லை.

திரும்பி வந்ததும் கறுப்புத் திரையைத் திறந்து, சொல்லிக்கொடுத்த கட்டளைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். சி, ஏ, எல் என்று மூன்று எழுத்து அடித்து ஒரு தட்டு. அந்த மாதத்துக் காலண்டர் வந்து நின்றது! பக்கத்தில் வருஷத்தையும் சேர்த்து அடித்தேன். பன்னிரண்டு மாதமும் வந்துவிட்டது. நான் பிறந்த வருஷத்தைக் கொடுத்தேன். அதுவும் வந்தது. சிவகாசியில் சீசன் முழுக்க மெஷின் ஓட்டி அடிக்கிற சரக்கு இங்கே கண் இமைக்கும் முன் வருகிறதே என்று நான் சத்தம் போட்டதில், பிரிவில் இருந்த அத்தனை பேரும் எழுந்து வந்து அவரவர் பிறந்த கிழமையைப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் சங்கரபாண்டியன் சார் மட்டும் எழுந்து வரவில்லை. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒருநாளும் குரலை உயர்த்தாத மனிதர். நாங்கள் அடித்துக் கொடுக்கும் தாளை மேசையில் வைத்து, ஒரு பித்தளை ஸ்கேலை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வரியைப் படித்து முடித்த பிறகே ஸ்கேல் அடுத்த வரிக்கு இறங்கும். பிழை இருந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. என்ன பிழை என்று சொல்ல மாட்டார். "பாருங்கம்மா" என்று தாளை நீட்டுவார். நாம்தான் அந்த வரியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒருமுறை கண்டுபிடித்த பிழை மறுபடி வராது.

லினக்ஸில் கோப்புகளைத் திறந்து மாற்றலாமாம் என்று அவரிடம் சொன்னேன். "அரசாங்கக் கோப்பும் அப்படித்தானம்மா, திறக்கலாம், மாத்தலாம். ஆனா அசல்ல கை வைக்காதீங்க. மொதல்ல நகல் எடுங்க. நகலுக்குத் தேதி போடுங்க. பெறகு என்ன வேணா செய்ங்க" என்றார். கணினியைத் தொட்டே பார்க்காத அவர் சொன்ன அந்த நடைமுறைதான் பின்னால் எத்தனையோ முறை என் தலையைக் காப்பாற்றியது.

எனக்கு வந்த முதல் சோதனை தமிழ்தான். புதிய கணினியில் எழுத்துகளின் இடம் வேறு. உயிரெழுத்தெல்லாம் இடது கைப்பக்கம், மெய்யெல்லாம் வலது கைப்பக்கம். நான் 'யளனக' என்று அடித்தால் திரையில் 'அஇஉ' என்று உளறியது. ஒரு கடிதம் அடிக்க அரை நாள் ஆனது. அழுகையே வந்துவிட்டது. அப்புறம்தான் மதுரையில் கேட்டது ஞாபகம் வந்தது. எல்லாமே எழுத்துதான் என்றால், எந்தச் சாவிக்கு எந்த எழுத்து என்பதும் எங்கேயோ எழுதித்தானே இருக்க வேண்டும்?

மதிய இடைவேளைகளில், கணினிக்குள் கோப்புகளை அடுக்கி வைத்திருக்கும் அடைவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து தேடினேன். கடைசியில் ஒருநாள் அகப்பட்டது. ஒவ்வொரு வரியிலும் அடைப்புக்குறிக்குள் ஓர் ஆங்கில எழுத்து, அதற்கு எதிரே ஒரு தமிழ் எழுத்து. அவ்வளவுதான். அதே அடைவில் பழைய தட்டச்சு முறைக்கும் ஒரு கோப்பு இருந்தது. யாரும் அதை இயக்கி வைக்கவில்லை, அவ்வளவே. நகல் எடுத்துத் தேதி போட்டேன். அந்த முறையை இயக்கினேன். 'யளனக' அடித்தேன். 'யளனக' வந்தது!

அதோடு நிறுத்த மனசு வரவில்லை. நான் எப்போதும் தொடாத ஒரு சாவிக்கு எதிரே 'விருதுநகர் மாவட்டம்' என்று முழுசாக எழுதிச் சேமித்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதை அடிக்கிறோம்! சாவியைத் தட்டியதும் மாவட்டமே வந்து விழுந்தது. அன்றைக்குச் சங்கரபாண்டியன் சாரும் எழுந்து வந்தார். ஒரு விரலால் தட்டிப் பார்த்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு இன்னொரு தடவை தட்டினார்.

இந்த நேரத்தில்தான் மாரீஸ்வரி எங்கள் பிரிவுக்கு இளநிலை உதவியாளராக வந்தாள்.

எம். புதுப்பட்டிக்காரி. அம்மாவும் அப்பாவும் பட்டாசு ஆலையில் வேலை செய்கிறவர்கள். தாத்தா காலத்தில் பிறர் நிலத்தில் கூலி வேலை. மாரீஸ்வரி பி.காம். படிக்கும்போது சீசனில் காசுக்காக அதே ஆலைக்குப் போயிருக்கிறாள். விபத்தில் இடது கையின் சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல் மூன்றும் போய்விட்டன. மாற்றுத் திறனாளிகள் ஒதுக்கீட்டில் தேர்வெழுதி வேலை வாங்கியிருந்தாள். முதல் நாள் எல்லோரும் அவள் கையைப் பார்க்காத மாதிரிப் பார்த்தோம். அவளே கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள்.

"நல்லா பாத்துக்கோங்கக்கா. மூணை அங்கன வச்சிட்டு வந்துட்டேன். மிச்சம் ஏழு பத்திரமா இருக்கு."

எங்கள் மாவட்ட அதிகாரி இரக்கமுள்ளவர். அவளைப் பார்த்ததும் உருகிவிட்டார். "பாவம்யா இந்தப் பொண்ணு. இந்தப் பிரிவுல முழுக்க டைப்பிங்தான். எதுக்குக் கஷ்டப்படுத்தணும்? ரெக்கார்டு ரூம்ல போட்டுருங்க. சும்மா உக்காந்திருக்கட்டும்" என்று கண்காணிப்பாளரிடம் சொன்னார்.

மாரீஸ்வரி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். "கஷ்டப்படுத்துங்க சார். அதுக்குத்தான சம்பளம் குடுக்குறீக" என்றாள்.

அதிகாரி கண்காணிப்பாளரைப் பார்த்தார். சங்கரபாண்டியன் சார்தான் மெதுவாகச் சொன்னார்: "தகுதிகாண் பருவம் இருக்குங்கய்யா. இந்தப் பிரிவுலயே கொஞ்ச நாள் இருக்கட்டும். முடியலைன்னா நானே குறிப்பு எழுதி அனுப்புறேன்."

ரெக்கார்டு ரூம் என்பது கட்டடத்தின் பின்பக்கம், பழைய கோப்புக் கட்டுகளும் கரையானும் இருக்கிற அறை. அங்கே போனவர்களை ஆபீசே மறந்துவிடும். அது அவளுக்கும் தெரிந்திருந்தது. அன்று முழுக்க வலது கையை விசைப்பலகையின் இரண்டு பக்கமும் ஓட்டி ஓட்டி அடித்தாள். தோள்பட்டை வீங்கிவிட்டது. ஒரு தாள்தான் முடிந்தது.

மறுநாள் என் 'விருதுநகர் மாவட்டம்' சாவியை யாரோ அவளுக்குக் காட்டினார்கள். அவள் நேராக என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, ஒத்தச் சாவியில ஒரு மாவட்டத்தையே கொண்டாந்துட்டீக. என் எழுத்தையெல்லாம் எனக்கு எட்டுற எடத்துக்குக் கொண்டாந்தா என்ன?"

எனக்கு ஏன் இது தோன்றவில்லை என்று திகைத்துப்போனேன். அன்று மதியமே வேலையைத் தொடங்கினோம்.

அவள் அடித்த புதிய முறையின் கோப்பும் கணினியின் பொது அடைவில் இருந்தது. அதில் எழுத, 'ரூட்' என்கிற தலைமைப் பயனரின் கடவுச்சொல் வேண்டும்; என் மாவட்டச் சாவிக்கும் ஒருமுறை அதைக் கேட்டு வாங்கியிருந்தேன். அது அரக்கு முத்திரை வைத்த உறையில் கண்காணிப்பாளரின் பீரோவில் இருந்தது. அவர் உறையை எடுத்து, பிரித்த காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டு, என்னிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் அடித்து முடித்ததும் புதிய உறை, புதிய அரக்கு. அந்த வாரத்தில் மட்டும் ஆபீஸ் அரக்கு பாதி தீர்ந்துபோனது.

முதலில் உயிரெழுத்துகளை எல்லாம் வலது பக்கத்துக்கே கொண்டுவந்தேன். அங்கே இருந்த மெய்கள் கலைந்து மூலைக்கு மூலை சிதறின. மாரீஸ்வரி அடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். "ஒரே அறையில ரெண்டு குடும்பத்தைக் குடி வச்ச மாதிரி இருக்குக்கா. ஒருத்தரை ஒருத்தர் மிதிக்கிறாக."

பிறகு அவளுடைய இடது ஆள்காட்டி விரலை வைத்து அளந்தோம். கையை நகர்த்தாமல் அந்த விரல் எட்டுவது ஆறு சாவிகள். மெய்யெழுத்தின் புள்ளிக்கு ஒன்று போனால் மிச்சம் ஐந்து. உயிரெழுத்தோ பன்னிரண்டு. இங்கேதான் மாட்டிக்கொண்டோம். நாள் கணக்கில் தாளில் கட்டம் போட்டுக் கட்டம் போட்டுக் கிழித்தோம்.

ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவள் டம்ளரை அப்படியே வைத்தாள். "அக்கா, அ-வை ரெண்டு தரம் தட்டுனா ஆ. இ-யை ரெண்டு தரம் தட்டுனா ஈ. நெடிலுக்குத் தனியா சாவி எதுக்கு?"

"அப்ப அ, இ, உ, எ, ஒ. அஞ்சு!" என்று நான் கத்தினேன்.

"ஐ என்ன செய்ய?"

"அ-வும் இ-யும் சேர்ந்தா ஐ-ன்னு பள்ளிக்கூடத்துல படிக்கலையா? அ-வும் உ-வும் சேர்ந்தா ஔ."

"ஐயோ, ஆறு சாவியில முடிஞ்சிருச்சுக்கா!" என்று அவள் துள்ளியதில் டீ முழுக்க என் சேலையில். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே நின்றோம். ஆனால் ஒரு சந்தேகம். அ-வுக்குப் பின்னால் அ-வே வருகிற சொல் தமிழில் இருந்தால் எல்லாம் குழம்பிவிடும். கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டோம். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். "நாளைக்குச் சொல்றேன்" என்றார். மறுநாள் காலையில் வந்து பையை வைத்ததும் முதல் வேலையாக, "அப்படி ஒரு சொல்லும் இல்ல. தைரியமா செய்ங்க" என்றார். வீட்டில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்!

எல்லா வரிகளையும் திருத்தி எழுதிச் சேமித்து, கணினியை மறுபடி இயக்கினோம். தமிழே வரவில்லை. ஓர் எழுத்துகூட இல்லை. நகலைப் பழைய இடத்தில் போட்டால் பழைய தமிழ் வந்தது. புதியதைப் போட்டால் ஊமை. நாங்கள் விழித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சங்கரபாண்டியன் சார் வந்தார்.

"என்ன, தப்பு எங்கன்னு தெரியலையா?"

"தெரியலைங்க சார். எல்லா வரியும் சரியாத்தான் இருக்கு."

"எல்லா வரியையும் படிச்சீங்களா, பாத்தீங்களா?" என்றவர், மேசையிலிருந்து பித்தளை ஸ்கேலை எடுத்து வந்து திரையின் மேல் வைத்தார்! முதல் வரி. கீழே இறக்கினார். இரண்டாவது வரி. அவருக்கு அதில் ஓர் எழுத்துக்கும் அர்த்தம் தெரியாது. அடைப்புக்குறி திறக்கிறதா, மூடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார். 'ஓ' வரியில் ஸ்கேல் நின்றது. திரையில் பென்சில் வைக்க முடியாதே, விரலை வைத்தார்.

"பாருங்கம்மா."

திறந்த அடைப்புக்குறி மூடாமல் கிடந்தது. ஒரே ஒரு குறி! போட்டேன். சேமித்தேன். இயக்கினேன். மாரீஸ்வரி ஏழு விரலையும் விசைப்பலகையில் வைத்தாள். திரையில் 'மாரீஸ்வரி' என்று வந்தது. அவள் அழவில்லை. "ஹை!" என்று கத்திவிட்டு, ஊர்ப் பெயரை அடித்தாள், அப்பா பெயர், அம்மா பெயர், தெருவில் இருக்கிறவர்கள் பெயர் எல்லாம் அடித்தாள். அன்று கடைசிப் பேருந்தை விட்டுவிடுவாளோ என்று நான்தான் விரட்டி அனுப்பினேன். ஷிப்டை அழுத்திப் பிடிக்காமல் ஒருமுறை தட்டினாலே போதும் என்கிற ஒரு வசதியும் லினக்ஸின் அமைப்புகளில் இருந்ததை அடுத்த வாரம் அவளே கண்டுபிடித்தாள். அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. நான் கண்டுபிடித்ததை அவளுக்குச் சொல்வேன், அவள் கண்டுபிடித்ததை எனக்குச் சொல்வாள். இப்படித்தான் நாங்கள் லினக்ஸ் கற்றோம்.

அந்த வருஷமே தாயில்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் விபத்து நடந்தது. இறந்தவர்கள் குடும்பங்களுக்கும் காயம்பட்டவர்களுக்கும் நிவாரண உத்தரவு அன்று மாலைக்குள் தயாராக வேண்டும் என்று மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனி உத்தரவு. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வங்கியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் குடும்பம் மறுபடி அலைய வேண்டும்.

அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "நீங்க ஒருத்தரே எல்லாத்தையும் அடிச்சிருவீங்களா?" என்று கேட்டார். ஒருத்தியால் முடியாது என்பது அவருக்கும் தெரியும். மாரீஸ்வரி பக்கம் அவர் பார்வை போய்த் திரும்பியது. இந்த வேலையை அவளிடம் கொடுக்கலாமா என்ற தயக்கம். எனக்கும் அதே தயக்கம்தான். அவள் கையின் நிலைக்காக இல்லை, மனசுக்காக.

அவளே வந்து பாதிப் பெயர்களை எடுத்துக்கொண்டாள். "நான் அடிக்கிறேன்கா. இவுகளை எனக்குத் தெரியாட்டியும், இவுக வேலையை எனக்குத் தெரியும்."

பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அடித்தோம். நடுவில் ஒருமுறை அவள் விரல்கள் நின்றன. அவளுக்கு விபத்து நடந்தபோது இருந்த அதே வயதுப் பெண் ஒருத்தியின் பெயர். காயம்பட்டு மதுரை மருத்துவமனையில் இருப்பவள். தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்தாள். நடுவில் மின்சாரம் போய்க் கணினிகள் அணைந்தன. மறுபடி வந்தபோது அவள் திரையில் தமிழ் வருகிறதா என்று ஆபீஸே எட்டிப் பார்த்தது. வந்தது.

தாள்கள் கண்காணிப்பாளரிடம் போயின. ஸ்கேல் இறங்கிக்கொண்டே வந்தது. அவள் தாள்களில் ஒரு புள்ளி விழுந்தது. என் தாள்களில் இரண்டு. அதிகாரி அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு ரெக்கார்டு ரூம் பேச்சை யாரும் எடுக்கவில்லை. தகுதிகாண் பருவம் முடிந்ததும் "பணி திருப்திகரம்" என்று சங்கரபாண்டியன் சார் தம் கைப்பட எழுதினார். அவர் யாருக்கும் அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதியதில்லை.

சில நாள் கழித்து, மருத்துவமனையில் இருந்த அந்தப் பெண்ணின் அம்மா உத்தரவு நகல் வாங்க வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவர், மாரீஸ்வரி அடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீயும் பட்டாசுலயா தாயி?"

"ஆமா சித்தி."

"இந்தக் கையை வச்சா இம்புட்டு வேகமா அடிக்கிற?"

"எழுத்தையெல்லாம் எனக்குத் தக்கன மாத்தி வச்சிருக்கோம் சித்தி."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "எம் மகளுக்கும் வருமா?"

"எந்தக் கைன்னு மட்டும் சொல்லுங்க."

"சோத்துக் கை."

மாரீஸ்வரி என் பக்கம் திரும்பினாள். "அக்கா, அப்ப மெய்யையெல்லாம் இடது பக்கம் கொண்டாரணும். பதினெட்டு இருக்கு. நம்ம பண்ணுனதை விடக் கஷ்டம்ல?"

"கஷ்டம்தான்" என்றேன். அவள் அதற்குள் நகல் எடுத்துத் தேதி போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மறு வருஷம் அம்மாவோடு வந்தாள். காயம் ஆறியிருந்தது. சிவகாசியில் ஓர் அச்சுக் கம்பெனியில் தமிழ் அடிக்கிற வேலை கேட்டிருந்தாளாம். லினக்ஸ் குறுந்தகடு ஒன்றும், அவளுக்காக நாங்கள் செய்திருந்த கோப்பும் தயாராக வைத்திருந்தோம். நகலெடுத்துக் கொடுப்பதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மாரீஸ்வரி எழுந்து அவளைத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் இடது கையால் மெல்ல அடித்துப் பார்த்தாள். ஒரு வரி அடித்தாள், இன்னொரு வரி அடித்தாள். எங்களைப் பார்த்துத் தயங்கிக்கொண்டே சொன்னாள்:

"அக்கா, இந்த 'ர' இருக்குற எடம் சரியில்லக்கா."

நாங்கள் மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்தது அது. எனக்குச் சுருக்கென்றது. மாரீஸ்வரிக்கோ அப்படியொரு சந்தோஷம், முகமெல்லாம் பல். கோப்பைத் திறந்து, விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளினாள்.

"அப்ப ஒனக்கு எங்கன வேணுமோ அங்கன வையி."